இளஞ்சிவப்புக் கோபுரம் ரயிலாகிவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம். மூன்று வயது மகளுக்கு வீட்டிலேயே மாண்டிசோரி பொருட்களை, அதாவது குழந்தை தானே கையாண்டு கற்றுக்கொள்ளும் பொருட்களைக் கொடுத்துப் பழக்குகிறேன். வெவ்வேறு அளவுக் குழிகளில் அதற்கேற்ற உருளைகளைப் பொருத்தும் உருளைக் கட்டையில் சிக்கலே இல்லை. ஓர் உருளை தவறான குழிக்குள் போனால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். அவளே பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். நான் வாயே திறக்க வேண்டாம், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்க வேண்டிய இளஞ்சிவப்புக் கோபுரத்தை அடுக்குவதே இல்லை. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையுள்ள அந்த 10 கனசதுரங்களையும் தரையில் வரிசையாக வைத்து ரயில் ஓட்டுகிறாள். இரண்டு முறை பேசாமல், மெதுவாக அடுக்கிக் காட்டினேன். கவனமாகப் பார்த்தாள், அப்புறம் மறுபடி ரயில்தான்.

அவ்வளவு மும்முரமாக இருப்பவளைக் கலைக்க மனம் வரவில்லை. கோபுரத்தைச் சில வாரம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு காட்டலாமா, இல்லை ரயிலே ஓடட்டும் என்று விடலாமா? வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.