மறு: ‘ஸ்கோரிங்’ – ‘மடிதடம்’ எனலாமா?

வணக்கம்.

அட்டை சீராக மடிய, மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்திப் பள்ளம் பதிப்பதுதான் ஸ்கோரிங். அதற்குத் தமிழில் ‘கீறல்’ என்பதே போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘மடிப்புக்கோடு’ என்றார் இன்னொருவர். இரண்டையும் போன சனிக்கிழமை இங்கே நியூ ஜெர்சியில், எங்கள் தமிழ் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அக்டோபர் 31 ஹாலோவீன். வீடு தேடி வரும் சிறுவர்களுக்குக் கொடுக்க வாழ்த்து அட்டையும் மிட்டாய்ப் பொட்டலமும் தாங்களே செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. செய்முறையைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.

‘கோட்டின் மேல் கீறவும்’ என்பதைப் படித்த ஒரு சிறுமி, கத்திரிக்கோல் நுனியால் அழுத்திக் கீறிவிட்டாள். அட்டை பாதி வெட்டுப்பட்டது. அவள் மேல் தப்பே இல்லை, கீறு என்றால் அதுதானே பொருள்? ஓலையில் எழுத்தாணி செய்வது கீறல். இங்கே நாம் செய்வது வேறு. மழுங்கிய முனையால் அழுத்தி, அட்டையின் நாரை நசுக்கிப் பள்ளம் பதிக்கிறோம். எதுவும் அறுபடக் கூடாது.

ஹாலோவீனில் இது இன்னும் முக்கியம், எல்லாமே கறுப்பு அட்டை. சில வகைக் கறுப்பு அட்டைக்கு உள்ளே வெள்ளை இருக்கும். தடம் பதிக்காமல் மடித்தால் மேல்பூச்சு வெடித்து, முதுகு நெடுக வெள்ளைக் கோடு தெரியும். ஆசையாக ஒட்டிய வௌவாலின் அழகே போய்விடும்.

‘மடிப்புக்கோடு’ நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: மாதிரிப் படத்தில் புள்ளி புள்ளியாக அச்சிட்டிருப்பது மடிப்புக்கோடு. அந்தக் கோட்டின் மேல் நாம் அழுத்திப் பதிப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். தலையணை போல உப்பிய மிட்டாய்ப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் மடிப்பு வில்லாக வளைந்து போகும். கோடு மட்டும் இருந்தால் எந்தக் கையாலும் அதை ஒழுங்காக மடிக்க முடியாது. தடம் இருந்தால் அட்டை தானாக வளைந்து கொடுக்கும்.

அதனால்தான் ‘மடிதடம்’ என்கிறேன். மடித்த தடம், மடிக்கின்ற தடம், மடிக்கும் தடம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. மடிக்கணினியில் வரும் மடி வேறு, அது நம் மடி. அங்கே ஒற்று மிகும். குழப்பம் வராது. வினையாக ‘மடிதடம் பதி’ என்று சொல்லலாம்.

தடம் என்றதும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் எளிதாகப் புரிந்தது. ஒரு பக்கம் பள்ளம் விழுந்தால் மறுபக்கம் மேடு எழும். ‘மேடு உள்ளே, பள்ளம் வெளியே’ என்று மடிக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், நானும் பல நாள் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் கிரெயின், அதாவது அட்டையில் நார் ஓடும் திசை. ‘நார்வாக்கு’ என்று வைக்கலாமா? நீளவாக்கு, குறுக்குவாக்கு என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதாக இருக்காது. லெட்டர் அளவு (8.5 × 11 அங்குல) அட்டையில் நார் பெரும்பாலும் 11 அங்குல நீளத்தோடு ஓடும். அதை 5.5 × 8.5 ஆக நறுக்கி 4.25-இல் மடித்தால் மடிப்பு நார்வாக்கில் அமையும், வெடிக்காது. 4.25 × 11 ஆக நறுக்கி 5.5-இல் மடித்தாலும் அதே அளவு வாழ்த்து அட்டைதான் கிடைக்கும். ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும்.

அச்சை வைத்து அழுத்தி அட்டையை வடிவமாக வெட்டும் டை கட்டிங்குக்குக் குழுவில் சொன்ன ‘அச்சுவெட்டு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை.

மாட்டிக்கொண்டிருப்பது, தடம் பதிக்கவும் மடிப்பை அழுத்தவும் உதவும் மழுங்கிய முனைக் கருவியான போன் ஃபோல்டரில் (போன் என்றால் எலும்பு). ‘எலும்பு மடிப்பான்’ வேண்டாம், இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. ‘மடிகோல்’ என்றால் மடங்கும் கோல் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம். ‘தடக்கோல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தடக்கை என்றால் பெரிய கை என்று படித்தவர்கள், இதைப் பெரிய கோல் என்பார்கள். வரும் சனிக்கிழமை 40 பொட்டலம் செய்யப்போகிறோம். அதற்குள் யாராவது நல்ல சொல் சொன்னால் செய்முறைத் தாளில் அதையே போட்டுவிடுவேன்.