வில்சனும் லிசாவும் தனியாகப் பேசும் காட்சிகள் தேவை

வணக்கம் மக்களே. 'ஹவுஸ்' என்ற அமெரிக்க மருத்துவத் தொடரில் (2004–2012) டாக்டர் ஹவுஸ்–டாக்டர் வில்சன் நட்பைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. எனக்கு வேண்டியது வில்சனும், அவர்கள் மருத்துவமனையின் டீன் லிசா கடியும் (Cuddy). அடங்காத பிள்ளையை வளர்க்கும் அப்பா அம்மா மாதிரிதான் இருவரும் ஹவுஸை வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் சீசன் முதல் எபிசோடில், சக்கர நாற்காலி நோயாளி விஷயத்தில் ஹவுஸின் ஊகம் பலித்துவிடும். லிசா போட்ட ஒரே ஊசியில் அவர் எழுந்து நிற்பார். "அவனிடம் சொல்லாதே, தலைக்கனம் ஏறிடும்" என்கிற ரீதியில் தடுப்பது வில்சன். இது அக்கறையா, பழிவாங்கலா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

அதே வில்சன் முதல் சீசனில் ஹவுஸுக்காக நிர்வாகக் குழுப் பதவியையே இழந்தவர். ஹவுஸின் வலி மாத்திரை விவகாரத்தில் போலீஸ்காரர் ட்ரிட்டர் கிளப்பிய வழக்கில் அப்படியே தலைகீழ்: வில்சன் ஹவுஸுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்கிறார், லிசா நீதிமன்றத்தில் பொய் சொல்லிக் காப்பாற்றுகிறார்.

ஐந்தாம் சீசனிலிருந்து இவர்கள் இருவர் மட்டும் ஹவுஸைப் பற்றிப் பேசும் காட்சிகள் நினைவிருந்தால் எபிசோட் எண்ணோடு சொல்லுங்கள். ஹவுஸ்–லிசா காதல் காட்சிகள் வேண்டாம், ப்ளீஸ்!