புதுப்பிப்பு: மார்க்கோவ் சங்கிலியில் பத்தாவது படியின் நிகழ்தகவு – விடை கிடைத்தது

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 1913-இல் ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ நூலின் 20,000 எழுத்துகளை எண்ணி அமைத்த சங்கிலியில் (அடுத்த நிலையின் நிகழ்தகவு இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் தொடர்), ஓர் உயிரெழுத்திலிருந்து பத்தாவது எழுத்தும் உயிராக இருக்கும் நிகழ்தகவைக் கையால் கணக்கிட வழி கேட்டிருந்தேன்.

அவர் எண்ணியதில் உயிர் 8,638. உயிரை அடுத்து உயிர் வந்தது 1,104 முறை. ஆக, உயிருக்குப் பின் உயிர் வர 0.128, மெய்க்குப் பின் உயிர் வர 0.663.

இந்த நிகழ்தகவுகளைக் கட்டமாக அடுக்கிய அணியைத் திரும்பத் திரும்பப் பெருக்கச் சொன்னதும் சரியான வழிதான். ஆனால் கைகொடுத்தது ஐகென் மதிப்பு யோசனை (அணியால் பெருக்கும்போது திசை மாறாத திசையன் எத்தனை மடங்காகிறது என்பதே ஐகென் மதிப்பு). இரண்டே நிலைகள் என்பதால் ஒரு மதிப்பு 1, மற்றது 0.128 − 0.663 = −0.535. இதைப் படி எண்ணிக்கைக்கு அடுக்கேற்றி, 0.568-ஆல் (1 − 0.432) பெருக்கி, 0.432-ஐக் கூட்டினால் விடை. பத்தாம் படிக்கு 0.433.

அந்த 0.432 எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: 0.663-ஐ (0.663 + 0.872)-ஆல் வகுத்தால் வரும் நிலைத்த நிகழ்தகவு, அதாவது பல படிகளுக்குப் பின் மதிப்புகள் நெருங்கும் எண், அது; 0.872 என்பது உயிருக்குப் பின் மெய் வரும் நிகழ்தகவு (1 − 0.128). 8,638-ஐ 20,000-ஆல் வகுத்தாலும் அதே எண்தான்; எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எதிர்பாராதது ஒன்று: மதிப்புகள் சீராக நெருங்கவில்லை. 0.128, 0.595, 0.345, 0.478 என்று 0.432-க்குக் கீழும் மேலுமாகத் தாவுகின்றன. ஐகென் மதிப்பு எதிர்ம எண் என்பதே காரணம். இரண்டாம் படியை நேரடியாகவும் சரிபார்த்தேன்: 0.128 × 0.128 + 0.872 × 0.663 = 0.595.

மூன்று நிலைகள் இருந்தால், 1 போக மீதி இரண்டு ஐகென் மதிப்புகளுக்கு ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும்.