வீட்டில் இருக்கும் ஐரோப்பிய ஓவியத்தைப் புத்தகத்தில் போடக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மாட்டுங்கா வாசி:
எங்கள் தாத்தா ஐம்பதுகளில் வாங்கிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று கூடத்தில் தொங்குகிறது. வரைந்தவர் வால்டர் லாங்ஹாமர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அங்கிருந்து பம்பாய்க்கு வந்தவர், டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கலை இயக்குநராக இருந்தவர், ராஸா, ஆரா போன்ற அன்றைய இளம் ஓவியர்களைத் தட்டிக்கொடுத்தவர். தில்லியில் ஒரு பதிப்பகம் அந்தக் கால பம்பாயில் இருந்த ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறதாம். படத்தைக் கூரியரில் அனுப்பினால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம், பணம் கிடையாது, இரண்டு பிரதி இலவசம். கூடவே ஒரு ஒப்பந்தம். அதில் ‘இந்த ஓவியத்தின் சகல உரிமைகளும் என்னிடமே உள்ளன, வழக்கு வந்தால் நானே பொறுப்பு’ என்று ஒரு வரி. அப்பா, பெருமைதானே, கையெழுத்துப் போட்டு அனுப்பு என்கிறார். அம்மா சுவரிலிருந்து இறக்கவே விடமாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம்?

செம்பூர் வக்கீல்:
அந்த வரி இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். படம் உங்களுடையதுதான், விற்கலாம், மாட்டலாம், பரணில் போடலாம். ஆனால் அதை அச்சிடும் உரிமை, அதாவது காப்பிரைட், படத்தோடு சேர்ந்து தானாகக் கைமாறுவதில்லை, எழுத்தில் கொடுத்திருந்தால்தான் உண்டு. நம் 1957 காப்பிரைட் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள், அதுவும் அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. லாங்ஹாமர் 1977-இல் இறந்தார், ஆகவே 2037 முடியும்வரை அது அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். புத்தகம் ஐரோப்பாவிலும் விற்கும் என்றால் அங்கே எழுபது ஆண்டு, 2047 வரை போகும். அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: வரைந்து வைத்திருந்ததைத் தாத்தா வாங்கினாரா, இல்லை காசு கொடுத்து வரையச் சொன்னாரா? வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 17-ஆம் பிரிவுப்படி முதல் உரிமை தாத்தாவுக்கே வர வாய்ப்புண்டு. அது தெரியாதவரை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: ஓவியம் என் உடைமை, இந்த ஒரு பதிப்புக்காக மட்டும் படமெடுக்க அனுமதிக்கிறேன், காப்பிரைட் அனுமதி வாங்குவது பதிப்பகத்தின் வேலை. ஒழுங்கான பதிப்பகம் இதற்கு முகம் சுளிக்காது.

அச்சுக்கூடத்தான்:
அம்மா கட்சி நான். ஐம்பதுகளின் கான்வாஸைக் கூரியரில் போடுவதா? வண்ணம் எங்கே பொரிந்திருக்கிறது என்று பிரிக்கும்போதுதான் தெரியும். புகைப்படக்காரரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், செலவு அவர்களுடையது. கண்ணாடி இருந்தால் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, வார்னிஷ் பளபளப்பு அடிக்காமல் இருக்க போலரைஸர் போட்டு எடுப்பார். முதல் படத்தில் ஓரமாக வண்ண அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிபார்க்க வழியே இல்லை. 9க்கு 12 அங்குலப் பக்கம் முழுவதும் போட 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 2700க்கு 3600 பிக்சல் போதும், இன்றைய கேமரா எதுவும் அதைத் தாண்டும். ஃபைலில் ஒரு பிரதி உங்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள், இன்ஷூரன்ஸுக்கு உதவும். அப்புறம் கலர் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் எடுத்துப் பார்க்கும் வண்ண மாதிரி. எங்கள் சித்தப்பா வீட்டுப் படம் ஒன்றை ஒரு பதிப்பகம் அச்சிட்டபோது சாம்பல் வானம் மஞ்சளாகி வந்தது, யாரும் ப்ரூஃப் காட்டவில்லை. பகல் வெளிச்சத்தில் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். வெட்டக் கூடாது, மேலே எழுத்துப் போடக் கூடாது, புத்தகத்தின் மேலட்டைக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

கரோல் பாக் ரமணி:
ஒன்று விட்டுப்போச்சு. படத்துக்குக் கீழே உங்கள் பெயர் வேண்டாம், ‘தனியார் சேகரிப்பு, மும்பை’ போதும். பெயர் வந்தால் தரகர்கள் போன் போட்டே கொன்றுவிடுவார்கள். எங்களிடம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற பழைய ஆங்கில ஓவியர்களின் அச்சுப்படம் ஒன்று இருக்கிறது, தாமஸ் 1840-இலேயே போய்விட்டார், வில்லியம் 1837-இல், அதனால் காப்பிரைட் தொல்லை இல்லை. ஆனால் நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. லண்டனில் ஸ்கேன் செய்கிறோம் என்று யாராவது வந்தால் முடியாது என்று சொல்ல எனக்கு அது ஒரு வசதி.

மாட்டுங்கா வாசி:
பேசிவிட்டேன். வரியை மாற்றச் சம்மதம், புகைப்படக்காரரும் வருகிறார். தாத்தா எப்படி வாங்கினார் என்று அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. படத்தின் மரச் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, கழற்ற வேண்டுமா?

அச்சுக்கூடத்தான்:
ஓவியரின் கையெழுத்து ஃபிரேமுக்குள் மறைந்திருந்தால் மட்டும். அதையும் ஃபிரேம் போடுகிறவரை வரவழைத்துக் கட்டிலில் போர்வை விரித்துச் செய்யச் சொல்லுங்கள், ஸ்க்ரூ டிரைவரோடு நீங்கள் இறங்காதீர்கள். பின்பக்கத்தையும் படமெடுக்கச் சொல்லுங்கள். கடைச் சீட்டோ கண்காட்சி லேபிளோ ஒட்டியிருந்தால், தாத்தா வாங்கிய கதைக்கு இப்போதைக்கு அதுதான் சாட்சி.