எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரால்) குறைய ஓட்ஸ் சாப்பிட்டவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கஞ்சிக்காரன்:
அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் காலை இட்லி போய் ஓட்ஸ் கஞ்சி வந்துவிட்டது. சில மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல் 152-ல் இருந்து 143. "இதுக்கா இவ்வளவு கஞ்சி குடிச்சேன்" என்று அப்பா புலம்புகிறார். உங்களுக்கெல்லாம் எவ்வளவு இறங்கியது?

வடபழனிவாசி:
நல்ல இறக்கம்தான் சார், அப்பாவிடம் சொல்லுங்கள். ஓட்ஸால் பொதுவாக 5 முதல் 7 சதவீதம்தான் குறையும். வேலை செய்வது பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து, கஞ்சி கொழகொழவென்று இருப்பதே அதனால்தான். குடலில் அது பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் எல்.டி.எல் இறங்குகிறது. ஆனால் அளவு முக்கியம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1997-ல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று போட்டுக்கொள்ள அனுமதி தந்தபோதே, நிறைவுற்ற கொழுப்பு (நெய், தேங்காய் போன்றவற்றில் இருப்பது) குறைந்த சாப்பாட்டோடு நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் என்று வைத்தார்கள். அதற்கு வேகவைக்காத ஓட்ஸ் சுமார் 75 கிராம் வேண்டும். எங்கள் சித்தி பாலில் இரண்டு ஸ்பூன் போட்டு, மேலே சர்க்கரையும் போட்டுக் குடித்துவிட்டு, மதியம் தேங்காய்ப்பால் குழம்பை ஒரு பிடி பிடிப்பார். அப்புறம் "ஓட்ஸெல்லாம் சும்மா" என்பார்.

ராணிமா:
மசாலா ஓட்ஸ் வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பி சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். என் வீட்டுக்காரருக்கு பி.பி இருப்பதால் நான் வெறும் ஓட்ஸ் வாங்கி, வெங்காயம் பீன்ஸ் போட்டு உப்புமாவாகக் கிண்டிவிடுகிறேன்.

தென்காசித் தென்றல்:
ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் மைத்துனர் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதைப் பார்த்து ஓட்ஸ் போதும் என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார், அடுத்த டெஸ்டில் எல்.டி.எல் எகிறிவிட்டது. ஸ்டாட்டின் என்கிற அந்த மாத்திரை எல்.டி.எல்லை 30 முதல் 50 சதவீதம் குறைக்கும், கஞ்சி எங்கே அது எங்கே! ஒரு தடவை அடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

கஞ்சிக்காரன்:
அப்பாவுக்கு இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை. ஓட்ஸ் சலித்துவிட்டது என்கிறார், பார்லி கொடுக்கலாமா?

வடபழனிவாசி:
தாராளமாக. அதிலும் பீட்டா குளுக்கான்தான். வடிகட்டின பார்லித் தண்ணீர் மட்டும் கொடுக்காமல் வெந்த பார்லியைச் சாப்பிடச் சொல்லுங்கள். எடுத்தவுடன் நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.