ஒரே எழுத்தில் ஒரு பிரெஞ்சு ஊர்: எப்படிச் சொல்வது?

மலர்விழி:
வணக்கம். பிரெஞ்சு படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று வரைபடத்தில் பிரான்சின் வடக்கே சோம் மாவட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஓரிடத்தில் 'ஒய்' என்கிற ரோமன் எழுத்து மட்டும் தனியாக நின்றது. ஏதோ குறியீடு என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஊரேதான்! பள்ளியில் படித்த ஓரெழுத்து ஒருமொழி நினைவுக்கு வந்துவிட்டது. இதை 'இ கிரெக்' என்று சொல்ல வேண்டுமா? அந்த ஊர்க்காரர்களை எப்படி அழைப்பார்கள்?

செல்வம்:
வெறும் 'இ' தான். 'இ கிரெக்' என்பது எழுத்தின் பெயர், கிரேக்க இ என்று பொருள், ஊரை அப்படிச் சொல்வதில்லை. பிரான்சிலேயே மிகக் குட்டியான ஊர்ப்பெயர் இதுதான். நூறு பேர்கூட இல்லை, ஆனாலும் தனி மேயர் உண்டு. ஊர்க்காரர்களுக்கு இப்சிலோனியர் என்று பெயர், 'ஒய்' எழுத்தின் கிரேக்கப் பெயரான இப்சிலோனை வைத்துத்தான்.

போன வருடம் பெரோனில் முதல் உலகப் போர் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு அந்த வழியாகப் போனேன். பீட்ரூட் வயல், கோதுமை வயல், அப்புறம் திடீரென்று பலகை. பிரான்சில் ஊர் தொடங்கும் இடத்தில் சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளைப் பலகை இருக்கும், முடிகிற இடத்தில் அதே பெயர்மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. மற்ற ஊர்களில் அந்தக் கோடு நீளமான பெயரின் மேல் சாய்ந்து கிடக்கும். இங்கே கோட்டுக்குக் கீழே ஒரே ஓர் எழுத்து, அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கதிர்:
நட்புக்காக இந்த ஊரோடு சேர்ந்துகொண்ட இரட்டை ஊர் எது தெரியுமா? வேல்ஸில் 58 எழுத்தில் பெயர் வைத்திருக்கும், லான்வைர் என்று தொடங்குகிற அந்தக் கிராமம்! பிரான்சுக்குள் நீளமான பெயர் மார்ன் மாவட்டத்தில் இருக்கிறது: சேன்-ரெமி-ஆன்-புஸ்மோன்-சேன்-ஜெனே-எ-இசோன், 38 எழுத்து.

மலர்விழி, பிரெஞ்சு ஊர்ப்பெயர் பிடித்திருந்தால் 'இ' என்று முடிகிற பெயர்களையும் பாருங்கள். பல பெயர்களின் பின்னால் 'ஆக்கும்' என்ற விகுதி இருக்கிறது, ரோமானியர் வருவதற்கு முன்பு அங்கே பேசிய கோல் மொழியிலிருந்து வந்தது, வடக்கே அது 'இ' ஆனது, தெற்கே 'ஆக்' ஆனது. விமான நிலையம் இருக்கிற ஓர்லியும் தெற்கே உள்ள ஓரியாக்கும் ஒரே மூலம்தான், ஔரேலியஸ் என்ற ரோமானியரின் நிலம்.

மலர்விழி:
ஓர்லியும் ஓரியாக்குமா! ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம். 'அங்கே' என்பதற்கும் இதே எழுத்துதானே, 'ஜி வே' என்றால் 'அங்கே போகிறேன்'. அப்படியானால் அந்த ஊருக்குப் போகிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

செல்வம்:
ஊர் என்றால் முன்னால் 'ஆ' சேர்க்க வேண்டும்: 'ஜ வே ஆ இ'. எங்கே போகிறோம் என்பது முன்பே பேச்சில் வந்துவிட்டது என்றால் 'ஜி வே' போதும்.