புதுப்பிப்பு: காலைப் பாசஞ்சர் நேரம் மாறியது

காலைப் பாசஞ்சர் 9.25க்குத்தான் மாவட்டத் தலைநகருக்கு வருகிறது, 9.30 கல்லூரிக்குப் போய்ச்சேர முடியவில்லை, புது ரயில் கேட்கலாமா என்று எங்கள் பயணிகள் சங்கத்துக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேரம் 25 நிமிடம் முன்னே வந்துவிட்டது.

பலித்தது, "புது ரயில் கேட்காதீர்கள், ரேக் (ஒரு ரயிலாக ஓடும் பெட்டித் தொடர்) எங்கே சும்மா நிற்கிறது என்று பாருங்கள்" என்ற யோசனை. தகவல் உரிமை மனுவில் (கட்டணம் 10 ரூபாய்) ரேக் இணைப்பு (ஒரே ரேக் அடுத்தடுத்து எந்தெந்த ரயிலாக ஓடுகிறது என்ற பட்டியல்), 12 மாதங்களுக்கான டிக்கெட், சீசன் டிக்கெட் விற்பனைக் கணக்கு கேட்டோம். "ஏன் தாமதம்?" என்று கேட்ட முதல் மனு தள்ளுபடி, காரணம் கேட்டால் அது தகவலில் சேராது, ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். 27ஆம் நாள் பதில் வந்தது: புறப்படும் முன் ரேக் 50 நிமிடம் சும்மா நிற்கிறது. அதை ஒரே பக்க அட்டவணையாக்கி, ரயில்வே கோட்டத்தின் இயக்கப் பிரிவுக்கும் வணிகப் பிரிவுக்கும் கொடுத்தோம். கையெழுத்துப் படிவங்களைவிட அந்த ஒரு தாள்தான் பேசியது.

சீசன் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுங்கள். விற்பனைக் கணக்கில் ஒரு மாதச் சீசன் ஒரே டிக்கெட். ஏறுபவரோ தினமும் ஏறுகிறார்.

எதிர்பாராதது: ஒற்றைப் பாதை. புது நேரத்தில் எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்காக நடுவழி நிலையத்தில் 9 நிமிடம் நிற்கிறது, இதுதான் கிராசிங். 9.00க்குப் பதில் 9.09க்குத்தான் வருகிறது. நேரம் கேட்கும் முன் கிராசிங்கையும் பார்த்துவிடுங்கள்.